தண்ணீருக்குள் ஏன் கயிறு?

ஈப்போவில் இப்போது டிரோன் பறக்காத கல்யாணம் குறைவு. மண்டபத்து வாசலில் ஒரு தம்பி கையடக்கப் பெட்டியோடு நிற்பார். மாப்பிள்ளை அழைப்புக்கு மேலே, சுண்ணாம்பு மலைகள் பின்னால் தெரிய, அது வட்டமடித்துப் படம் பிடிக்கும். பறக்கும் பொருளுக்கும் தம்பியின் கைக்கும் நடுவில் கம்பி ஒன்றும் கிடையாது. இதைவிடப் பெரிய வித்தையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறக்கிய பிரக்யான் வண்டி, ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிலவின் மண்ணில் உருண்டது.

அதே மனிதர்கள் கடலில் இறக்கும் ரோபோவைப் பாருங்கள். எண்ணெய் மேடையின் கால்களில் துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போகும், பல லட்சம் ரிங்கிட் பெறுமான இயந்திரத்தின் வாலில் ஒரு தடித்த கயிறு தொங்கும். கப்பலில் ஒருவர் அந்தக் கயிற்றை விட்டுக்கொடுத்து இழுத்துப் பிடிப்பதையே வேலையாக வைத்திருப்பார். நிலவில் ஓடும் வண்டிக்குத் தேவைப்படாத கயிறு, பங்கோர் படகுத்துறைக்குக் கீழே பத்து மீட்டர் இறங்குவதற்கு ஏன் தேவைப்படுகிறது?

பள்ளி மாணவர்களிடம் இதைக் கேட்டால், தண்ணீர் மின்சாரத்தைக் கெடுத்துவிடும் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. நன்றாக அடைத்த பெட்டிக்குள் மின்சாரம் சௌகரியமாகவே இருக்கும். சிக்கல் பெட்டிக்கு வெளியே இருக்கிறது.

அலையைக் குடிக்கும் தண்ணீர்

வீட்டில் பெரிய நீர்த்தொட்டி இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பழைய கைப்பேசி ஒன்றில் பாட்டுப் போட்டு, புளூடூத் வழியாக அருகிலுள்ள ஒலிபெருக்கியில் ஒலிக்க விடுங்கள். கைப்பேசியை நீர் புகாத பைக்குள் இறுக்கி மூடி, தொட்டியின் நடுவில் மெல்ல அமிழ்த்துங்கள். சில விரற்கடை ஆழத்திலேயே பாட்டு தடுமாறத் தொடங்கும். ஒரு முழம் போவதற்குள் நின்றுவிடும். வெளியே எடுத்து மறுபடி இணைத்தால் பாட்டு தொடரும். கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் குரல்தான் தண்ணீரைத் தாண்டவில்லை.

புளூடூத், வைஃபை, டிரோனின் கட்டளை எல்லாமே வானொலி அலைகள்தாம். நீர் மூலக்கூறின் ஒரு முனையில் சற்றே நேர்மின் சாயலும் மறுமுனையில் எதிர்மின் சாயலும் உண்டு. அலை வந்து உலுக்கும்போது கோடானுகோடி மூலக்கூறுகளும் அதோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும். அந்த அலைச்சலில் அலையின் ஆற்றல் வெப்பமாகிப் போய்விடும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு குழம்பைச் சூடாக்குவதும் இப்படித்தான். அந்த அடுப்பும் வைஃபையும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில்தான் வேலை செய்கின்றன. கடல்நீர் இன்னும் மோசம். கரைந்த உப்பு அதை மின்கடத்தியாக மாற்றிவிடுவதால் அலை இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும். வழிகாட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞையும் நீர்ப்பரப்போடு சரி.

அலையை மிக மிக நீளமாக்கினால் ஓரளவு உள்ளே நுழையும். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அதைத்தான் செய்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஓர் அலையின் நீளம் மட்டும் 16 கிலோமீட்டருக்கு மேல். அதற்காக 400 மீட்டரையும் தாண்டிய கோபுரங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு செய்தும் அலை கடலுக்குள் சில பத்து மீட்டர்தான் போகும். நீர்மூழ்கிக்குச் சில எழுத்துகளை நிதானமாக அனுப்பலாம், படம் அனுப்ப முடியாது. பதில் சொல்ல வேண்டுமானால் நீர்மூழ்கியும் அப்படியொரு கோபுரத்தைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும்.

கயிற்றை அறுத்துவிட்டால்

தண்ணீருக்குள் நன்றாகப் பயணம் செய்வது ஒலி. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி கடலில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. திமிங்கிலங்கள் இதைக் கண்டுபிடித்துப் பல காலம் ஆகிறது. ஆனால் ஒலியில் ஏற்றி அனுப்பக்கூடிய செய்தி மிகக் கொஞ்சம். கடல்தரையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டு எதிரொலிகள் திரும்பி வந்து குழப்பும். ஓடும் வீடியோவை அதில் அனுப்புவது நடக்காத காரியம்.

அப்படியானால் கயிறே இல்லாத ரோபோ கிடையாதா என்றால், உண்டு. கயிறு பூட்டியதைக் கயிற்று ரோபோ என்றும், தானே முடிவெடுத்து ஓடுவதைத் தன்னோட்ட ரோபோ என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம். இரண்டாவது வகையை மலேசியர்கள் நாளிதழ்களில் பார்த்திருக்கிறோம். 2014 மார்ச் 8-ஆம் தேதி எம்.எச்.370 விமானம் காணாமல் போனது. ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலில் தேடலுக்கு இறக்கப்பட்ட புளூஃபின்-21 ஒரு தன்னோட்ட ரோபோ. கீழே போக இரண்டு மணி நேரம், தரையை ஒலியால் வருடிப் பார்க்கப் பதினாறு மணி நேரம், மேலே வர இரண்டு மணி நேரம், சேமித்த தரவை இறக்கிக்கொள்ள நான்கு மணி நேரம் என்று கணக்கு. கீழே அது என்ன பார்த்தது என்பது, மேலே வந்து தரவை இறக்கும்வரை யாருக்கும் தெரியாது. முதல் பயணத்தில் கடல் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தது. 4,500 மீட்டர் என்ற தன் எல்லையைத் தொட்டதும் ரோபோ பாதியிலேயே திரும்பிவிட்டது. மேலிருந்து யாரும் அதைத் தடுத்து, இன்னும் கொஞ்சம் பார் என்று சொல்லியிருக்க முடியாது. உடனுக்குடன் பார்க்க வேண்டும், கை நீட்டி ஒரு திருகாணியைத் திருப்ப வேண்டும் என்றால் கயிறு இருந்தாக வேண்டும்.

அந்தக் கயிற்றின் கதையிலும் நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. கடலடித் தந்திக் கம்பிக்கு உப்புநீரில் கெடாத உறை தேவைப்பட்டபோது, 1840-களில் கைகொடுத்தது மலாயாக் காட்டு மரமான தாபானின் பால். கட்டாபெர்ச்சா என்று உலகம் அறிந்தது அதைத்தான். ரப்பர் பாலுக்கு உறவு, ஆனால் இழுபடாது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த கம்பிக்கும் 1866-இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பிக்கும் உறை அதுதான். பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள், காடு தாங்கவில்லை. உயிரோடு நிற்க வைத்துப் பால் எடுக்கக்கூடிய ரப்பர் மரம் 1877-இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்டது. அதற்குப் பின்னால் நம் பாட்டனார்கள் கப்பலேறியதும் மங்கோடும் வாளியோடும் விடியற்காலையில் நிரை பிடித்ததும் தனிக்கதை.

ஹார்டுவேர் கடையில் ஒரு ரோபோ

கயிற்று ரோபோவைச் செய்வதற்குக் கப்பல் பட்டறை தேவையில்லை என்று காட்டியவர்கள் ஹாரி போம், விக்கி ஜென்சன் இருவரும். அவர்கள் 1997-இல் வெளியிட்ட நூலில், பிவிசி குழாயாலும் சிறு மோட்டார்களாலும் நீரடி வண்டி செய்யும் முறை படத்தோடு இருந்தது. அதை வைத்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. கடல்சார் கல்விப் பிரிவு 2003-இல் சீபெர்ச் என்ற பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது.

தேவையான சாமான்கள் எல்லாம் புந்தோங்கிலோ சிம்மோரிலோ ஏதாவதொரு ஹார்டுவேர் கடையில் கிடைக்கக்கூடியவை. அரை அங்குலக் குழாய், எல்போ, டி மூட்டுகள், மூன்று சிறு மோட்டார், பொம்மைப் படகின் விசிறிகள், 12 வோல்ட் பேட்டரி, கணினி வலைக்கான கேபிள் 15 மீட்டர், மூன்று சுவிட்சு. இரண்டு மோட்டார் முன்னும் பின்னும் போகவும் திரும்பவும், ஒன்று ஏறி இறங்க. மோட்டாருக்குள் தண்ணீர் புகாமலிருக்க அதை ஒரு சிறு டப்பியில் வைத்துச் சுற்றிலும் உருக்கிய மெழுகை ஊற்றி நிரப்புகிறார்கள். மெழுகு தண்ணீரைத் தடுக்கிறது என்பது ஒரு காரணம். காற்றுக்கு இடம் விடாமல் நிரப்புகிறது என்பது அதைவிட முக்கியம். ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேற்பரப்பில் நம்மை அழுத்தும் காற்றின் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடிக்கொண்டே போகும். உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால்தான் டப்பி நசுங்கும். ஆழ்கடல் ரோபோக்களின் மோட்டார்களில் எண்ணெய் நிரப்புவதற்கும் இதுவே காரணம்.

மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது

செய்து முடித்த ரோபோவை முதல்முறை தண்ணீரில் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தக்கையாக மேலேயே நிற்கும், அல்லது தரைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்கு வேண்டியது இரண்டுமில்லை. விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இதை நடுமிதப்பு என்போம்.

பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் 1938-இல் கட்டிய ஈயம் வாரும் கப்பல் ஒன்று இன்னும் நிற்கிறது. எடை 4,500 டன். 1982 வரை அது லம்பக் குட்டையில், அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய நீரில், மிதந்துகொண்டே மண்ணை வாரிச் சலித்தது. 4,500 டன் மிதக்க வேண்டுமானால் 4,500 டன் தண்ணீரை விலக்கி அந்த இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் விதி. ரோபோவுக்கும் அதே விதிதான், டன்னுக்குப் பதில் கிராம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழாய்களில் துளை போட்டு உள்ளே நீர் நிரம்ப விட்டிருக்கிறோம். சமையலறைத் தராசில் ரோபோவின் எடை 1,900 கிராம். ஒரு வாளியைப் பெரிய தாம்பாளத்தில் வைத்து விளிம்பு வரை நீர் நிரப்பி, ரோபோவை முழுக்க அமிழ்த்துகிறோம். தாம்பாளத்தில் வழிந்த நீரை நிறுத்தால் 1,450 கிராம். தண்ணீர் தாங்குவது 1,450, ரோபோவின் கனம் 1,900. மீதி 450 கிராம் அதைக் கீழே இழுக்கிறது.

நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கட்டிக்கொண்டு மிதக்கும் நுரைக்குச்சி இங்கே உதவும். அதன் ஒரு லிட்டர் அளவு ஏறக்குறைய 30 கிராம்தான் எடை. ஆகவே 100 மில்லிலிட்டர் நுரை 100 கிராம் நீரை விலக்கும், தன் எடை 3 கிராம் போக 97 கிராமைத் தாங்கும். 450-ஐ 97-ஆல் வகுத்தால் 4.64. அதாவது 464 மில்லிலிட்டர் நுரை, ஒரு சாண் நீளம்கூட வராது. சரிபார்ப்போம். நுரையோடு ரோபோவின் எடை 1,914 கிராம். விலக்கும் நீர் 1,450-உம் 464-உம் சேர்ந்து 1,914 கிராம். இரண்டும் ஒன்று.

நுரையை எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. மேல் குழாயில் கட்ட வேண்டும், கனமானவை கீழே இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கணக்கு சரியாகவே இருக்கும், ரோபோ மட்டும் தலைகீழாகக் குப்புறக் கவிழ்ந்து நிற்கும். எந்த வகுப்பிலும் ஒரு குழுவாவது இதைச் செய்துவிடும். பக்கத்துக் குழு சிரித்து முடிப்பதற்குள் எடை மையம் என்றால் என்ன என்பது புரிந்துவிடும்.

அதே ரோபோ, லூமூட்டில்

ஈப்போவில் தொட்டித் தண்ணீரில் அசையாமல் நின்ற இந்த ரோபோவை லூமூட்டுக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டால் மேலே மிதந்து வந்துவிடும். மலாக்கா நீரிணையின் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1,020 கிராம் இருக்கும், தொட்டி நீரைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு கனம். நம் ரோபோ இப்போது 1,914-க்குப் பதிலாக 1,952 கிராம் நீரை விலக்குகிறது. 38 கிராம் மேல்நோக்கித் தள்ளுகிறது. கீழ்க்குழாயில் 44 கிராம் இரும்பு நட்டுகளைக் கோத்தால் சரியாகிவிடும். 38 போதாதா என்றால், போதாது. நட்டும் கொஞ்சம் நீரை விலக்குகிறதே.

இதோடு முடியவில்லை. ஆற்றுமுகத்தில் வற்றுப்பெருக்கு ஏற இறங்க உப்பின் அளவும் மாறும். காலையில் சரியாக நின்ற ரோபோ மதியம் மெல்ல இறங்கத் தொடங்கினால் அதில் பழுது தேட வேண்டியதில்லை, ஆற்றுநீர் கலந்திருக்கும். ஆழம் போகப் போக நுரையும் நசுங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கினாலே 46 கிராம் தாங்கல் போச்சு. அதனால் ரோபோ இறங்கும், இறங்கியதால் இன்னும் நசுங்கும், நசுங்கியதால் இன்னும் இறங்கும். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் குழைத்து இறுக்கிய, நசுங்காத நுரையைப் பயன்படுத்துகிறார்கள். சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000 என்ற கயிற்று ரோபோ 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை இறங்கியது. அவர்கள் போட்டதும் இதே கூட்டல் கழித்தல்தான்.

யாருக்கு இந்த வேலை?

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. தேர்வில் நிறைய ஏ எடுத்தால் மருத்துவம், சட்டம். எடுக்காவிட்டால், சரி, தொழிற்கல்லூரிக்கு அனுப்பு. அனுப்பும்போதே குரல் இறங்கிவிடும். தோட்டத்தில் பால் தாள் அழுத்தும் உருளையைக் கழற்றி மாட்டிய தாத்தாவின் கைத்திறன் பேரனுக்கு வந்திருந்தால், அதைக் குறையாகவே எண்ணுகிறோம். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது. கப்பல் பொறியியலும் அங்கே கற்றுத் தருகிறார்கள். ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் நிற்பதே பழைய லம்பக் குட்டைகளுக்கு நடுவில்தான். லூமூட்டில் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும் இருக்கின்றன. வேலை பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைக்கு அதில் ருசி தட்ட வேண்டும் என்பதுதான் பாக்கி.

அந்த ருசி தட்டிய ஒரு சம்பவம். 2004-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் மாணவர்களுக்கான நீரடி ரோபோப் போட்டி நடந்தது. பாலைவன நகரமான பீனிக்ஸிலிருந்து கார்ல் ஹெய்டன் உயர்நிலைப் பள்ளியின் நான்கு பையன்கள் வந்தார்கள். மெக்சிகோவிலிருந்து குடியேறிய, கையில் ஆவணம் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள். ஏறத்தாழ 800 டாலரில் பிவிசி குழாயால் செய்த ரோபோவுக்கு, அதன் பசை நாற்றத்தாலேயே ஸ்டிங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லூரிக் குழுக்களோடு மோதும் உயர்பிரிவில் முதல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. எம்.ஐ.டி. இரண்டாவது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எம்.ஐ.டி. தோற்றதையே சொல்வார்கள், 2015-இல் திரைப்படமும் வந்துவிட்டது. எனக்கு அதைவிடப் போட்டிக்கு முன் நடந்தது பிடிக்கும். பயிற்சியில் மின்சுற்றுகள் இருந்த பெட்டிக்குள் நீர் கசிந்தது. புதுப்பெட்டி செய்ய நேரமில்லை. கசிவை நிறுத்த முடியாது, ஆனால் கசிந்த நீரை ஏதாவது உறிஞ்சிக்கொண்டால் போதுமே என்று ஒருவன் யோசித்தான். பெண்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் பஞ்சுச் சுருளை வாங்கக் கடைக்குப் போய், எது நன்றாக உறிஞ்சும் என்று முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் கூச்சத்தோடு கேட்டு வாங்கி வந்தான். வேலை நடந்தது.

அவனை அந்தக் கடைக்கு அனுப்பியது மதிப்பெண் இல்லை. வகுப்பறையில் தவறான விடை சிவப்பு மையால் திருத்தப்பட்டு, மூடி வைக்கப்படும். தண்ணீரில் தவறு கண்ணெதிரே குமிழிவிடும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, அவரோடு வாதாடவும் இடமில்லை. மூன்று கிராம் கூடுதல் என்றால் தண்ணீருக்கு அது தெரியும். கணக்குப் பாடத்தில் தசமத்தைப் பொருட்படுத்தாத மாணவன் இங்கே தானாகவே இரண்டாம் முறை நிறுத்துப் பார்ப்பான். கற்பிப்பதற்குத் தண்ணீரைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இந்தக் கறார்தான் என்று நினைக்கிறேன். தரையில் ஓடும் ரோபோ தன் தவறுகளில் பலவற்றைத் தரையின் தயவில் மறைத்துக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேராக்கில் இதைச் செய்கிறவர்களுக்கு லம்பக் குட்டை கண்ணை இழுக்கும், நீர் அமைதியாக இருக்கும், வீட்டுக்கும் பக்கம். கரையிலிருந்து இரண்டடி வைத்தாலே ஆளுயரத்துக்கு மேல் ஆழம், மண்ணும் சரியும். பிள்ளைகளோடு அங்கே போக வேண்டாம். பிளாஸ்டிக் பீப்பாயோ பள்ளி நீச்சல் குளமோ போதும். மின்சாரமும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும், சுவர் பிளக்கிலிருந்து அல்ல.

கயிறு கேட்கும் வாடகை

மிதப்புச் சரியானதும் மாணவர்கள் அடுத்த சிக்கலுக்கு வந்து சேர்வார்கள். மேசையில் சீறிச் சுழன்ற மோட்டார், 15 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் சோம்பிச் சுழலும். வலைக் கேபிளின் கம்பி மெல்லியது. போகவும் வரவும் 30 மீட்டர், மின்தடை ஏறத்தாழ 2.5 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் 12 வோல்ட்டில் 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். இரண்டு ஆம்பியர் என்றால் 5 வோல்ட். ஆழ்கடல் ரோபோக்களுக்குக் கயிற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் அனுப்பிக் கீழே போய்க் குறைத்துக்கொள்வதும், நெடுஞ்சாலை ஓரத்து உயர்மின் கோபுரங்கள் அவ்வளவு வோல்ட்டில் மின்சாரம் கொண்டுபோவதும் இதே இழப்புக்குப் பயந்துதான். அதிக வோல்ட்டில் அனுப்பினால் அதே ஆற்றலுக்குக் குறைந்த ஆம்பியர் போதும்.

பள்ளிக் குழுவுக்கு அந்த வழி ஆபத்து. அவர்களுக்கு மிஞ்சுவது தடித்த கம்பி. தடித்த கம்பியில் செம்பு அதிகம், செம்பு கனம். கனத்த கயிறு ரோபோவின் வாலைக் கீழே இழுக்கும், திரும்பும்போதெல்லாம் எதிர்த்துப் பிடிக்கும். கயிற்றில் முழத்துக்கு ஒரு துண்டு நுரை கட்ட வேண்டும். எவ்வளவு நுரை என்று கேட்டால், வாளியையும் தராசையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.